புகைப் பாட்டிலும் படம் பிடிக்க வந்தவர்களும்

என் அம்மா தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட விரலிடுக்கில் பிடித்ததில்லை. ஆனாலும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முதலில் கேட்ட கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்பதுதான். மலாய் மொழியில் கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிகரெட்டெல்லாம் இல்ல டாக்டர். விறகடுப்பு," என்றேன்.

"எத்தனை வருசம்?"

அம்மா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, பத்து வயதிலிருந்து என்றார். டாக்டர் தலையை ஆட்டி, ஏதோ எழுதினார். பிறகு ஒரு மூச்சு மருந்தைக் கையில் கொடுத்து, இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் அடுப்படியைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. ரிங்லெட் டவுனைத் தாண்டி மலையில் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். குளிருக்குப் பயந்து சன்னலை யாரும் திறப்பதில்லை. வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனிமூட்டம். விறகு என்று வருவது பெரும்பாலும் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, அதுவும் ஈரம். அது எரியாது; அழும். அதை எரிய வைக்க அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, குழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பார். புகை போக வழியில்லாமல் கூரையில் முட்டி, திரும்பி எங்கள்மேலேயே இறங்கும். அதைத்தான் இன்றைக்குச் சிலர் மணம் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் குழலைப் பிடித்து ஊதியவர்கள் இல்லை. அவர்களுக்காக வேறு யாரோ ஊதியிருப்பார்கள்.

எனக்குக் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை கிடைத்ததும் நான் முதலில் வாங்கியது கேஸ் அடுப்பைத்தான். பின்கட்டிலிருந்த பழைய அடுப்பில் கோழிகளைக் குடியேற்றினேன். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

"கேஸ்ல ஆக்குன கறி ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு," என்றார் மூன்றாம் நாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆஸ்பத்திரி சாப்பாடே தேவல," என்றேன்.

அம்மாவுக்குப் பிடித்தது உப்புக்கண்டம். தாத்தா பாட்டி வந்த ஊர்ப்பக்கத்தில் அதை வெயிலில் காயவைப்பார்களாம். எங்கள் மலையில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? கறியை உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, அடுப்புக்கு மேலே கம்பியில் கோர்த்துத் தொங்கவிடுவார்கள். புகையிலேயே காயும். நினைத்தபோது எடுத்து, தட்டி, வெங்காயத்தோடு வறுத்தால் ஒரு தட்டுச் சோறு போதாது. கேஸ் வந்த பிறகு அது வீட்டில் நின்றுபோயிற்று. அம்மா அதைப் பற்றி நேராகக் கேட்கமாட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவருடைய நெஞ்சுக்குப் பெருமூச்சும் ஒரு வேலைதான்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பந்தலுக்கு அடியில் புகை. போய்ப் பார்த்தால், அம்மா மூன்று கல்லைக் கூட்டி, குச்சியை அடுக்கி, குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறார். மேலே ஒரு கம்பியில் நாலு துண்டுக் கறி. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கல்லைக் காலால் எட்டி உதைத்தேன்.

"வாய்க்கு ருசியா ஒண்ணு திங்கிறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையாடி?"

"மொதல்ல மூச்சு விடும்மா! ருசியெல்லாம் அதுக்கப்புறம்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்த என் மகளிடம் இரண்டு பேரும் தனித்தனியாக முறையிட்டோம். அவள் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் வரும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே தேயிலைச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர்.

"இது புகைம்மா," என்றாள். "கட்டையை எரிச்சு, அந்தப் புகையைக் குளிர வச்சுத் தண்ணியாக்கி, தாரு சாம்பலெல்லாம் வடிகட்டி எடுத்தது. எங்க கிச்சன்ல கோழிக்கு இதத்தான் ஊத்துறாங்க. டூரிஸ்ட்டெல்லாம் கரி அடுப்புல சுட்டதுன்னு நெனச்சுத் திங்கிறாங்க."

அம்மா மூடியைத் திறந்து மூக்கில் வைத்தார். "என்னாடி இது, நம்ம பழைய அடுப்படி மாதிரியே நாறுது!" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

முதல் தடவை நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். மகள் துளி என்று சொல்லியிருந்தாள். ஒரு சட்டி கறிக்குத் துளி எப்படிப் போதும் என்று நான் ஒரு கரண்டி ஊற்றினேன். கொதி வந்ததும் வீடு பற்றி எரிகிற மாதிரி வாசம். வாயில் வைத்தால் கசப்பு, நாக்கில் தாரைத் தடவியது போல. லைன் நாய்க்குக் கொண்டுபோய் வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

பிறகு மகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். சத்து மருந்துக் குப்பியில் வரும் ரப்பர் சொட்டுக்குழலை வெந்நீரில் கழுவி வைத்துக்கொண்டேன். அரைக் கிலோ கறிக்கு நாலு சொட்டு. அதையும் நேராக விடக்கூடாது. ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து, உப்பு மிளகாயோடு சேர்த்துப் பிசற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துண்டு முழுக்கப் புகையாகவும் மற்றது வெறும் கறியாகவும் இருக்கும். பிசறிய கறியை ஒரு இரவு குளிர்பெட்டியில் மூடாமல் வைத்து, மறுநாள் சின்ன கரண்டு அவன் அடுப்பில் குறைந்த சூட்டில் காயவைத்தேன். பருப்புக்கோ குழம்புக்கோ என்றால் அடுப்பை அணைத்த பிறகு ஒரே சொட்டு. அவ்வளவுதான். அம்மா முதல் துண்டை மென்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நல்லாயிருக்கு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இன்னும் ரெண்டு துண்டு போடு என்றார்.

பாட்டிலை வைப்பதிலும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் சன்னலோரம் வைத்தேன். வெளிச்சம் பட்டால் வாசம் செத்துப்போகும் என்று மகள் திட்டினாள். அடுப்புப் பக்கம் சூடு, அங்கேயும் ஆகாது. சரி என்று கிச்சா என்கிற கறுப்பு சோயா சாற்றுப் பாட்டில்களோடு வைத்தேன். எங்கள் மலை ஈரத்தில் ஒட்டிய காகிதமெல்லாம் ஒரு மாதத்தில் உரிந்துபோகும். என் வீட்டுக்காரர் ஒரு காலை அவசரத்தில் கிச்சா என்று நினைத்து அதை மீ கோரெங் நூடுல்ஸில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தேயிலை லோரியை ஓட்டிக்கொண்டு போனார். நாள் முழுக்க ஏப்பத்தில் புகை வந்ததாம். அதன் பிறகு அலமாரிக்குள் இருட்டில் வைத்தேன். அங்கேதான் தேயிலைத் தூள் டின்னும் இருந்தது. தேயிலை எதன் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது இந்தத் தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? ஆனாலும் வைத்தேன். ஒரு வாரம் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்களெல்லாம் என்னைத் திட்டினார்கள். கடைசியில் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, டின்மேல் மை பேனாவால் "புகை. சொட்டு மட்டும்" என்று எழுதி வைத்தேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

இப்படி நாங்கள் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்தார். கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் சமையல் படம் எடுக்க வருகிறார்களாம். தோட்டத்துச் சாப்பாடு வேண்டுமாம். லைனில் நன்றாகச் சமைப்பவர் யார் என்று விசாரித்து என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

"வெறகடுப்புல ஆக்கணும்னு கேக்குறாங்க," என்றார்.

"எங்க வீட்ல கேஸ்தான் கிராணியையா. கேஸ்ல ஆக்குறதுன்னா வரச் சொல்லுங்க. அம்மாவுக்குப் புகை ஆகாது."

"சரி லா, நான் சொல்லிக்கிறேன்," என்று போய்விட்டார். அவர் சொல்லவில்லை என்பது வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ஒரு பெண்ணும் ஒரு கேமராக்காரரும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல தமிழ்ப் பெண்தான். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாள். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததும் அவளுடைய முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, வெறகடுப்பு எங்க?"

"இருந்துச்சு. இப்ப அதுல கோழி முட்டை போடுது."

அவள் கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். நான் விசயத்தைத் தெளிவாகவே சொன்னேன்: அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை, டாக்டர் புகை கூடாது என்றிருக்கிறார், கோழிக் குழம்பு ஏற்கெனவே கேஸில் பாதி ஆகிவிட்டது. "பரவால்லக்கா, சமாளிச்சுக்கலாம்," என்றாள். சமாளிப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. குழம்பை இறக்கி, புகைச் சொட்டும் விட்டு மூடிவைத்துவிட்டு, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லையென்று லைன் கோடியிலுள்ள கடைக்குப் போனேன். போக வர கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வரும்போது எங்கள் பின்கட்டிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கோழிகள் முற்றத்தில் கத்திக்கொண்டு ஓடின. நான் ஓடினேன்.

அம்மா தேவாலயத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையில் அந்தப் பழைய அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் குழல். ஈரக் குச்சி குமுறிக்கொண்டிருந்தது. அவர் ஊதுகிறார், இருமுகிறார், மறுபடி ஊதுகிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கேமரா அவருடைய முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கண்ணத் தொடைக்காதீங்க பாட்டி. அப்படியே விடுங்க. ரொம்ப இயல்பா வருது."

எனக்கு அதற்குப் பிறகு யோசித்த ஞாபகம் இல்லை. மூலையில் மழைத்தண்ணீர் பிடித்த வாளி இருந்தது. தூக்கி அப்படியே அடுப்பில் கொட்டினேன். சாம்பலும் நீராவியும் கிளம்பி எல்லார்மேலும் படிந்தன.

"கேமரா! கேமரா!" என்று அந்த ஆள் கத்தினார்.

"கேமரா இருமல. எங்கம்மா இருமுறாங்க," என்றேன்.

அம்மாவைத் தூக்கி முன்வாசலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து, மூச்சு மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். நெஞ்சு விசிலடித்தது. அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"நாங்க வற்புறுத்தலக்கா. பாட்டியேதான் ஊதிக் காட்டுறேன்னாங்க."

அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஒன்றைக் கேட்டால் என் அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. துரைமார் காலத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்று சொல்லியே பழகிய வாய் அது. அது தெரியாமல் கேட்டார்களா, தெரிந்தே கேட்டார்களா? எப்படியானாலும், ஆகாது என்று நான் வாயால் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருந்தது.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும், "வந்தவங்களுக்குச் சோறு போடு," என்றார். போட்டேன். கோபத்தோடு போட்டாலும் சோறு சோறுதானே. அந்தப் பெண் கோழியை ஒரு வாய் வைத்தாள். கண் விரிந்தது. படம் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"பாத்தீங்களா! இதாங்க வெறகடுப்பு ருசி! கேஸ்ல ஆக்குனா இந்த வாசம் வருமா?"

அந்த விறகடுப்பில் ஒரு சட்டிகூட ஏறவில்லை. நான் உள்ளே போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, பாட்டிலை அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வாசம் இதுலேர்ந்து வந்தது. இதக் காட்டுங்க. எத்தனை சொட்டுன்னு நானே சொல்றேன்."

அவள் முகர்ந்து பார்த்தாள். மூடினாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அக்கா, இதக் காட்டுனா யாரும் பாக்கமாட்டாங்க. பாட்டில்ல வர்றது போலி. நமக்கு உண்மையான தோட்டத்துச் சமையல்தான் வேணும்."

"இதுவும் கட்டையை எரிச்சுத்தான் எடுத்தது. எங்கம்மா நெஞ்சுக்குள்ள போகாம பாட்டிலுக்குள்ள போயிருக்கு, அவ்வளவுதான். தோட்டத்துல இருக்கிற நான் எங்க வீட்டு அடுப்புல ஆக்குனேன். இது தோட்டத்துச் சமையல் இல்லையா? நீங்க பத்த வச்ச அடுப்புதான் போலி."

கேமராக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது அந்தப் பெண் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. வீட்டுக்காரர் கார் இரவல் வாங்கித் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். டாக்டர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "சொன்னேனே, புகை வேண்டாம் என்று." நடந்ததைச் சொல்ல ஆரம்பித்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

படம் இன்டர்நெட்டில் வந்தபோது மகள்தான் போனில் காட்டினாள். புல்லாங்குழல் இசை. பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவு. பிறகு என் அம்மா, ஊதி, இருமி, கண்ணீர் விட்டுக்கொண்டு. அதன்மேல் அந்தப் பெண்ணின் குரல்: இந்தப் பாட்டியின் விறகடுப்பில் இன்றும் உயிரோடிருக்கிறது பழைய ருசி. அடுத்து என் கோழிக் குழம்பு. பாட்டிலும் இல்லை, கேஸும் இல்லை, நானும் இல்லை. கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்தக் காலமே பொற்காலம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வீட்டில் என்ன அடுப்போ.

நம்பரை வாங்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அம்மா இருமுகிற இடத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"எல்லாரும் பாட்டியக் கொண்டாடுறாங்க அக்கா. நீங்க சந்தோசப்படணும்," என்றாள். அடுத்த நாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

ஆபீசுக்குப் போனேன். கிராணி சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"தோட்டத்துக்கு நல்ல பேருதானே லா. மேனேஜரே பாத்துட்டுப் பாராட்டுனாரு."

"உங்க வீட்ல என்னா அடுப்பு கிராணியையா?"

"கேஸு... கரண்டு அடுப்பும் ஒண்ணு இருக்கு."

அம்மாவை அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தை நான் அவர் மேசைமேல் விரித்து வைத்தேன். மேனேஜர் பாராட்டியது நல்லது, இதையும் அவரே படித்துப் பார்க்கட்டும், நானே உள்ளே கொண்டுபோகிறேன் என்றேன். கிராணி எழுந்து நின்றுவிட்டார். "அதெல்லாம் வேணாம், நான் பேசுறேன், நான் பேசுறேன்," என்றார்.

இதற்கிடையில் அம்மா என்ன செய்தார் தெரியுமா? பேத்தியின் போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்! நான் இவ்வளவு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம், "சேலை கலரு நல்லா எடுக்குது பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"உனக்கு வெக்கமா இல்லையாம்மா? உன்னக் கொல்லப் பாத்தாங்க."

"யாருடி நம்மளப் படம் புடிச்சா இத்தன காலமா? கொழுந்துக் கூடையோட நின்னா டூரிஸ்ட்டு எடுப்பான், மூஞ்சி பாதிதான் வரும். இதுல முழுசா வந்திருக்கேன்." போனை என்னிடம் நீட்டி, "இருமுறத மட்டும் எடுத்துடச் சொல்லு. மத்தது இருக்கட்டும்," என்றார்.

மொத்தப் படத்தையும் அழிக்கச் சொல்லி மேனேஜர்வரை போவதாக இருந்தேன். அது அம்மாவின் முகம். அதை அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று அன்றுதான் முதல் தடவையாகத் தோன்றியது. அந்தச் சந்தேகமும் என் கோபத்தைக் குறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் இருமலை வெட்டிவிட்டார்கள். அம்மா ஒரு தடவை ஊதுகிறார், நெருப்பு பிடிக்கிறது, சிரிக்கிறார். அவ்வளவுதான் இப்போது இருக்கிறது. விறகடுப்பு ருசி என்ற பேச்சை மட்டும் அவர்கள் நீக்கவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அதனால் மகளிடம் போனில் எழுதக் கற்றுக்கொண்டு, படத்துக்குக் கீழே நானே எழுதினேன். இந்தக் கோழியை ஆக்கியது நான், கேஸ் அடுப்பில், பாட்டில் புகை ஒரே சொட்டு விட்டு. படத்திலிருக்கும் அம்மா அன்று இரவு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள் என்று. மறுநாள் பார்த்தால் அதைக் காணோம். அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதினேன். அதையும் அழித்தார்கள். இப்போதெல்லாம் வேலைக்கு இடையில் தேத்தண்ணி குடிக்க விடும் நேரத்தில் முதலில் போனைத்தான் எடுக்கிறேன். நான் எழுதியது இல்லையென்றால், கையைத் துடைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து திரும்ப எழுதுகிறேன்.